செஞ்சி அரசில் அயலார் செல்வாக்கு: சி. எஸ். சீனிவாசாச்சாரியின் ஆய்வுப் பணியை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

விசயநகரப் பேரரசு தளர்ந்தபின் தமிழகத்தில் தனித்தியங்கத் தொடங்கிய அரசுகளுள் செஞ்சியும் ஒன்று. போர்த்துக்கீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர் ஆகிய நால்வரும் ஏதேனும் ஒரு காலத்தில் இக்கோட்டையின் ஆட்சியாளரிடம் இசைவு வேண்டி நின்றனர். அந்த உறவுகளை ஆவணங்களிலிருந்து தொகுத்தெழுதியவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வரலாறு, அரசியல் துறைப் பேராசிரியராக விளங்கிய சி. எஸ். சீனிவாசாச்சாரி. அவருடைய நூல்கள் தரும் செய்திகளை, சோவியத் ஒன்றியம் சிதைந்தபின் தோன்றிய அரசுகளைக் குறித்த அண்மைக்கால அரசியல் ஆய்வுக் கருத்தாக்கங்களோடு சேர்த்து வாசிக்க இக்கட்டுரை முயல்கிறது. அயலார் செல்வாக்கின் அளவை உள்நாட்டு ஆட்சியாளர்கள் எவ்வளவு தூரம் தீர்மானித்தனர் என்பதே இங்கு எழுப்பப்படும் வினா.

திறவுச்சொற்கள்: செஞ்சி, நாயக்கர் ஆட்சி, மராத்தியர், கிழக்கிந்தியக் கம்பெனிகள், சி. எஸ். சீனிவாசாச்சாரி, அயலார் செல்வாக்கு, வாயில் காக்கும் மேட்டிமையர்

முன்னுரை

ஒரு பேரரசு சரியும்போது அதன் நிலப்பரப்பில் பல சிறிய அரசுகள் எழுகின்றன. அவற்றிடம் படையும் வரிவருவாயும் இருக்கலாம். ஆனால் தாம் ஆள்வதற்கான உரிமையை யாரிடமிருந்து பெற்றோம் என்ற வினாவுக்கு உறுதியான விடை இருப்பதில்லை. அந்த இடைவெளியில்தான் அயலார் நுழைகின்றனர். 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்து 15 அரசுகள் உருவானபோது இவ்வினா அரசியல் அறிவியலில் ஒரு தனி ஆய்வுப் புலமாகவே வளர்ந்தது. கிழக்கு ஐரோப்பிய நாடுகளில் ஐரோப்பிய ஒன்றியத்தின் செல்வாக்கை ஆராய்ந்த மிலாடா வச்சுடோவா, ஓர் அமைப்பு அருகில் இருப்பதாலேயே ஏற்படும் ஈர்ப்பு வேறு, அது நிபந்தனை விதித்து நெருக்குவதால் ஏற்படும் அழுத்தம் வேறு என்று 2005இல் வெளிவந்த தம் நூலில் பிரித்துக் காட்டினார். ஸ்டீவன் லெவிட்ஸ்கி, லூக்கான் வே ஆகிய இருவரும் 2010இல் வெளியிட்ட நூலில் அழுத்தும் ஆற்றல், பிணைப்பு என்ற இரண்டு அளவைகளை முன்வைத்தனர். இவர்களுக்குப்பின் டென்மார்க்கைச் சேர்ந்த யாக்கப் டோல்ஸ்ட்ரூப், பெலாரஸ், மால்டோவா, உக்ரைன் ஆகிய நாடுகளில் ரஷ்யாவும் ஐரோப்பிய ஒன்றியமும் செல்வாக்குக்காகப் போட்டியிட்டதை ஆராய்ந்து 2014இல் நூலாக வெளியிட்டார். வெளியாரின் ஆற்றலை மட்டும் அளந்தால் போதாது. உள்ளே வாயிலைத் திறக்கவும் மூடவும் வல்ல மேட்டிமையர் என்ன செய்கின்றனர் என்பதையும் அளக்க வேண்டும் என்பது அவருடைய கருத்து. அவர்களை அவர் வாயில் காப்போர் என்று அழைக்கிறார்.

'வாயில் காப்போர்' என்ற இச்சொல் செஞ்சிக்கு உருவகமாக மட்டும் பொருந்துவதன்று. இராசகிரி, கிருட்டிணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் இணைத்துச் செல்லும் மதிலில் இன்றும் ஒரு வாயிலுக்குப் புதுச்சேரி வாயில் என்றே பெயர்.

1565ஆம் ஆண்டுத் தலைக்கோட்டைப் போருக்குப்பின் விசயநகரத்தின் பிடி தளர, மதுரை, தஞ்சை, செஞ்சி நாயக்கர்கள் படிப்படியாகத் தனித்தியங்கலாயினர். இவற்றுள் மதுரையும் தஞ்சையும் தமிழ் வாசகருக்கு ஓரளவு அறிமுகமானவை. செஞ்சியோ தேசிங்கு ராசன் கதையோடு பொதுநினைவில் நின்றுவிட்டது. எனினும் ஐரோப்பியக் கம்பெனிகள் தமிழகக் கடற்கரையில் காலூன்றிய வரலாற்றைச் செஞ்சியை விடுத்து எழுத இயலாது. தேவனாம்பட்டினம், கடலூர், பரங்கிப்பேட்டை, புதுச்சேரி ஆகிய துறைகள் அனைத்தும் ஏதேனும் ஒரு கட்டத்தில் செஞ்சியின் ஆணைக்கு உட்பட்டிருந்தன.

பேராசிரியரும் அவர் எடுத்துக்கொண்ட வினாவும்

சீனிவாசாச்சாரி சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் பணியாற்றியபின், 1929இல் நிறுவப்பட்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். அவர் வகித்த பதவியின் பெயரில் 'வரலாறு', 'அரசியல்' என்ற இரண்டு சொற்களும் இடம்பெற்றிருந்தன என்பது கவனிக்கத்தக்கது. அன்றைய பல்கலைக்கழகங்களில் இவ்விரண்டும் தனித்தனித் துறைகளாகப் பிரியவில்லை. அரசர்களின் வரிசையை நிரல்படுத்துவதோடு நில்லாமல், யார் யாருக்கு எந்த நிபந்தனையில் எதைக் கொடுத்தார் என்று தேடிச் செல்லும் இயல்பு அவர் எழுத்தில் காணப்படுவதற்கு இப்பின்னணியும் ஒரு காரணமாகலாம்.

அவருடைய முதன்மையான நூல்களை வெளியான வரிசையில் வைத்துப் பார்த்தால் ஒரே வினா தொடர்ந்து வருவதைக் காணலாம். சென்னை நகரின் முந்நூறாம் ஆண்டு நிறைவையொட்டி 1939இல் அந்நகரின் வரலாற்றை எழுதினார். 1940இல் புதுச்சேரித் துபாசி ஆனந்தரங்கப் பிள்ளையைப் பற்றிய நூல் வந்தது. 1943இல் செஞ்சியையும் அதன் ஆட்சியாளர்களையும் பற்றிய பெருநூலை அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. இந்தியாவில் பிரித்தானியர் நாடுகளை இணைத்துக்கொண்டதன் உட்பொருளை ஆராயும் சொற்பொழிவுகள் சென்னைப் பல்கலைக்கழக வெளியீடாக 1951இல் நூலுருப் பெற்றன. ஒரு நகரம், ஒரு மனிதர், ஒரு கோட்டை, இறுதியில் ஒரு கொள்கை என்று பொருள் மாறினாலும், ஓர் அயல் வணிக நிறுவனம் உள்நாட்டு அரசொன்றுக்குள் எவ்வாறு இடம்பிடித்தது என்ற தேடல் மாறவில்லை. வி. விருத்தகிரீசனின் தஞ்சை நாயக்கர் வரலாறும் (1942), சி. கே. சீனிவாசனின் கருநாடக மராத்தியர் ஆட்சி பற்றிய நூலும் (1944) அவர் காலத்தில் அதே பல்கலைக்கழகத்திலிருந்து வெளிவந்தன. சில ஆண்டுகளுக்குள் விசயநகருக்குப் பிந்திய தமிழக அரசுகளைப் பற்றிய ஒரு சிறு நூலகமே சிதம்பரத்தில் உருவாகிவிட்டது எனலாம்.

இவை அனைத்தும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. செஞ்சியில் வாழ்வோர் தம் ஊரின் வரலாற்றைக் கூத்திலும் அம்மானையிலும் கேட்டறிந்தனரேயன்றி, அதைப் பற்றி எழுதப்பெற்ற மிக விரிவான நூலை வாசிக்கும் வாய்ப்பு அவர்களுள் பலருக்கு வாய்க்கவில்லை.

இசைவு வேண்டி வந்தவர்கள்

1597இல் யேசு சபையைச் சேர்ந்த நிக்கோலாஸ் பிமென்டா செஞ்சிக்கு வந்தார். அப்போது அங்கு ஆட்சிபுரிந்தவர் கிருட்டிணப்ப நாயக்கர். இந்தியாவில் தாம் கண்ட நகரங்களுள் செஞ்சியே பெரியது என்றும், போர்த்துக்கல் நாட்டில் லிஸ்பனைத் தவிர வேறெந்த நகரும் இதற்கு ஈடாகாது என்றும் அவர் எழுதினார். வியப்பைத் தெரிவிக்கும் அயலார் கூற்றாக இப்பகுதி அடிக்கடி எடுத்தாளப்படுகிறது. ஆயின் அதே பயணக் குறிப்பில் இதனினும் பொருள்மிக்க செய்தி ஒன்றுண்டு. வெள்ளாற்று முகத்துவாரப் பகுதியில் தாம் தம் பெயரால் எழுப்பிவந்த கிருட்டிணப்பட்டினத்தில் கோயில் கட்டிக்கொள்ள யேசு சபையினருக்கு நாயக்கர் இசைவளித்தார். சிதம்பரத்தில் கோவிந்தராசர் சன்னிதிப் பணியை எதிர்த்து அந்தணர் பலர் கோபுரத்திலிருந்து குதித்து உயிர்விட்டபோதும் தம் முடிவை மாற்றிக்கொள்ளாதவராக அக்குறிப்புக் காட்டும் நாயக்கரும் இவரே. உள்ளூர் எதிர்ப்பைப் பொருட்படுத்தாத ஓர் ஆட்சியாளர் அயல்நாட்டுத் துறவியருக்கு இடமளிக்கிறார் என்றால், அதை வலுவின்மையின் அடையாளமாகக் கொள்ள இயலாது. புதிய துறைமுக நகருக்குப் போர்த்துக்கீசிய வணிகரும் அவர்தம் கப்பல்களும் தேவைப்பட்டன; அவ்வணிகருக்குக் கோயில் தேவைப்பட்டது. கணக்கு அவ்வளவே.

1602இல் தோன்றிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, 1608இல் இதே நாயக்கருடன் உடன்பாடு செய்துகொண்டு தேவனாம்பட்டினத்தில் இடம் பெற்றது. சாந்தோம் போர்த்துக்கீசியர் இதைப் பொறுக்கவில்லை. நாயக்கரிடம் நேரே முறையிடுவதோடு அமையாமல், பெயரளவிலேனும் அவருக்கு மேலிருந்த பேரரசர் வேங்கடரை அணுகினர். வேங்கடரின் அவையில் யேசு சபையினருக்குச் செல்வாக்கு இருந்தது. மேலிடத்து அழுத்தத்தால் தேவனாம்பட்டினத்தில் டச்சுக்காரர் வலுப்பெறும் முயற்சி தடைப்பட்டது. இதில் விந்தையான செய்தி, அதே வேங்கடரே 1610இல் பழவேற்காட்டில் டச்சுக்காரருக்கு இடமளித்தார் என்பதுதான்.

இந்நிகழ்ச்சி அயலார் செல்வாக்கின் இயக்கத்தைத் தெளிவாக விளக்குகிறது. அதிகாரம் ஒரே கையில் இருந்திருப்பின், போர்த்துக்கீசியர் ஒருவரை மட்டும் இணங்கவைத்திருந்தாலே போதும். டச்சுக்காரரும் ஒருவர் மறுத்தால் திரும்பிச் சென்றிருப்பர். பேரரசர், நாயக்கர் என்று இரு நிலைகளில் அதிகாரம் பிரிந்து, ஒருவர் ஆணை மற்றவரை எந்த அளவுக்குக் கட்டுப்படுத்தும் என்பது தெளிவுபடாமல் இருந்தமையால், ஒரு வாயில் அடைபட்டால் மறு வாயிலைத் தட்ட முடிந்தது. பேரரசரும் தம் மேலாண்மையை நாயக்கருக்கு உணர்த்தப் போர்த்துக்கீசியரின் முறையீட்டை ஒரு வாய்ப்பாகக் கொண்டார் என்று கருத இடமுண்டு.

வேங்கடர் 1614இல் இறந்தபின் எழுந்த வாரிசுரிமைப் போரில் செஞ்சி ஒரு பக்கமும் தஞ்சை மறு பக்கமும் நின்று தோப்பூரில் மோதின. அதன்பின் செஞ்சி நாயக்கர் பழைய வலிமையை மீட்டுக்கொள்ளவில்லை. 1648ஆம் ஆண்டு இறுதியில் பீசப்பூர்ப் படை கோட்டையைக் கைக்கொண்டது. பீசப்பூரின் சார்பில் வாலிகண்டபுரத்தை ஆண்ட சேர்கான் லோடி 1673இல் பிரெஞ்சுக்காரருக்குப் புதுச்சேரியில் இடமளித்தார். செஞ்சியிலிருந்த பீசப்பூர் ஆளுநருக்கும் சேர்கானுக்கும் இணக்கமில்லை. இங்கும் இரண்டு வாயில்கள் இருந்தன.

கோட்டைக்கு உள்ளேயும் வெளியேயும்

1677இல் சிவாசி செஞ்சியைக் கைப்பற்றினார். புதுச்சேரியிலிருந்த பிரான்சுவா மார்த்தேன் சேர்கானின் நண்பர். சேர்கானோ சிவாசியிடம் தோற்றவர். இத்தகைய இக்கட்டிலும் மார்த்தேன் புதிய ஆட்சியாளரிடம் தூது அனுப்பிப் புதுச்சேரியில் தொடர்ந்து இருக்க இசைவு பெற்றார். அவருடைய நினைவுக் குறிப்புகள் சீனிவாசாச்சாரிக்குப் பெரும் துணையாயின. சென்னைக் கம்பெனியும் வாளாவிருக்கவில்லை. சிவாசியின் மருமகன் அர்சி மகாதிக் செஞ்சியை ஆண்டபோது, கடலூரிலும் பரங்கிப்பேட்டையிலும் பண்டகசாலை அமைக்கும் உரிமையை வேண்டி எலிகு யேல் 1681ஆம் ஆண்டையொட்டி அங்கு அனுப்பப்பட்டார். பிற்காலத்தில் சென்னையின் ஆளுநராகி, அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றுக்குத் தம் பெயரைத் தந்தவர் இவரே. கம்பெனியின் பணியாளர் ஒருவர் கோட்டை அடிவாரத்தில் காத்திருந்து இசைவு கேட்ட காலம் அது. இதனை நினைவில் இருத்தினால்தான் அடுத்து நிகழ்ந்தவற்றின் அளவு புலப்படும்.

1689இல் சிவாசியின் இளைய மகன் இராசாராம் மகாராட்டிரத்திலிருந்து தப்பிச் செஞ்சியை அடைந்தார். 1690இல் முகலாயத் தளபதி சுல்பிகர்கான் முற்றுகையைத் தொடங்கினார். அம்முற்றுகை 1698 தொடக்கம் வரை நீடித்தது. கோட்டைக்குள் ஒரு மன்னர். கோட்டைக்கு வெளியே பேரரசரின் படை. இருவருள் இந்நிலத்துக்கு உரியவர் யார் என்பது எட்டு ஆண்டுகள் முடிவாகவில்லை. அயலார் நுழைவுக்கு இதைவிடப் பெரிய வாய்ப்பை எண்ணிப் பார்க்க முடியாது.

இராசாராமுக்குப் பணம் தேவைப்பட்டது. தேவனாம்பட்டினத்துக் கோட்டையை விலைக்குத் தர அவர் தரப்பு முன்வந்தது. 1690இல் ஆங்கிலேயர் அதை வாங்கினர். அவர்கள் அதற்கிட்ட பெயர் செயின்ட் டேவிட் கோட்டை. கோட்டையோடு சேரும் நிலத்தின் எல்லையை முடிவுசெய்த முறை வரலாற்றில் தனித்துப் பேசப்படுகிறது. கோட்டையிலிருந்து பீரங்கி வெடித்தால் குண்டு எவ்வளவு தொலைவில் சென்று விழுமோ அவ்வளவும் வாங்குவோருக்குச் சொந்தம். கம்பெனியார் நெடுந்தூரம் சுடவல்ல பீரங்கியையும் தேர்ந்த சுடுவோனையும் சென்னையிலிருந்து வருவித்தனர். அவ்வெல்லைக்குள் அமைந்த ஊர்கள் குண்டு கிராமங்கள் எனப்பட்டன. கடலூரில் இன்றும் குண்டு உப்பலவாடி என்ற ஊரும் குண்டு சாலை என்ற தெருவும் உள்ளன. அளவுகோலைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை வாங்குவோரிடமே விட்டுவிட்ட விற்பனை அது. எழுத்தில் பார்த்தால் இருதரப்பும் ஒப்பிய நிபந்தனைதான். ஆனால் நல்ல பீரங்கி யாரிடம் இருந்தது என்பதே அந்நிபந்தனையின் உண்மைப் பொருள்.

மறுபக்கம், முற்றுகையிட்டிருந்த சுல்பிகர்கான் சென்னைக் கம்பெனியிடம் வெடிமருந்து முதலிய உதவிகளை வேண்டினார். கம்பெனி இயன்றதைக் கொடுத்தும், இயலாததற்குச் சாக்குச் சொல்லியும் காலங்கடத்தியது. சுல்பிகர்கானின் தந்தையும் பேரரசின் முதலமைச்சருமான ஆசத்கான் 1693இல் எழும்பூர், புரசைவாக்கம், தண்டையார்பேட்டை ஆகிய ஊர்களைக் கம்பெனிக்கு வழங்கினார். ஆக, கோட்டைக்கு உள்ளிருந்தவரிடமிருந்து தேவனாம்பட்டினமும் வெளியிலிருந்தவரிடமிருந்து சென்னையை அடுத்த ஊர்களும் ஒரே முற்றுகைக் காலத்தில் ஒரே கம்பெனிக்குக் கிடைத்தன. சீனிவாசாச்சாரி முதல் செய்தியைச் செஞ்சி நூலிலும், ஊர்கள் வந்து சேர்ந்த கதையைச் சென்னை நகர வரலாற்றிலும் எழுதுகிறார். இரண்டையும் அருகருகே வைத்து வாசிக்கும்போதுதான் முழுப் படம் கிடைக்கிறது. அவருடைய நூல்களைத் தனித்தனியே அன்றித் தொகுதியாக வாசிக்க வேண்டும் என்று இக்கட்டுரை வலியுறுத்துவதற்கு இதுவே முதன்மையான காரணம்.

ஐரோப்பாவில் அப்போது பிரான்சுக்கு எதிராக டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் போரிட்டுக்கொண்டிருந்தனர். டச்சுக்காரர் 1693இல் புதுச்சேரியைப் படைகொண்டு கைப்பற்றினர். படைவலியால் மட்டும் அமையாமல், அவ்வூரின் மீதான உரிமையை இராசாராமின் அரசிடமிருந்து விலைக்கும் வாங்கினர். முற்றுகையில் அடைபட்டுத் தன் கோட்டை வாயிலைத் தாண்ட இயலாத ஓர் அரசின் முத்திரைக்கு, கடலை ஆண்ட ஒரு கம்பெனி ஏன் பணம் கொடுக்க வேண்டும்? நிலத்தைப் பிடிப்பது எளிது. பிடித்ததை ஏனைய ஐரோப்பியர் ஏற்கும்படி செய்வதற்கு உள்நாட்டு மன்னர் ஒருவரின் ஒப்புதல் வேண்டியிருந்தது. இராசாராமிடம் எஞ்சியிருந்த விற்பனைப் பொருள் அந்த ஒப்புதல் ஒன்றே. 1697ஆம் ஆண்டு ரைஸ்விக் உடன்படிக்கைப்படி புதுச்சேரி 1699இல் பிரெஞ்சுக்காரருக்குத் திரும்பியபோது, அம்முடிவு செஞ்சியில் எடுக்கப்படவில்லை, ஐரோப்பாவில் எடுக்கப்பட்டது. 1608க்கும் 1699க்கும் இடையில் நேர்ந்த மாற்றத்தை இதைவிடச் சுருக்கமாகக் காட்டும் சான்று வேறில்லை.

ஆயினும் அம்மாற்றம் நேர்கோட்டில் நிகழவில்லை. முகலாயரின் சார்பில் செஞ்சிக் கோட்டைத் தலைவரான புந்தேலர் சொரூப்சிங் 1710ஐயொட்டிச் செயின்ட் டேவிட் கோட்டை ஆங்கிலேயருடன் பூசலிட்டு, அவர்களுடைய அலுவலர் இருவரைச் செஞ்சியில் சிறைவைத்தார். பூசலைத் தீர்க்கப் புதுச்சேரிப் பிரெஞ்சுக்காரர் இடைநிற்க வேண்டியதாயிற்று. பீரங்கி எல்லைக்குள் முடிசூடா மன்னராகத் திரிந்த கம்பெனியாரும் செஞ்சிக் குன்றின் மேல் கைதிகளாக இருக்க நேர்ந்தது.

யார் அயலார்?

சீனிவாசாச்சாரியின் நூல் அரச மரபுகளின் வரிசையில் நகர்கிறது. கோன்கள், நாயக்கர், பீசப்பூரார், மராத்தியர், முகலாயர், புந்தேலர், நவாபுகள், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று அது விரியும்போது ஓர் இடர்ப்பாடு எழுகிறது. தொடக்கத்துக் கோன்களை விடுத்தால், செஞ்சியை ஆண்டவர்களுள் பெரும்பாலோர் வெளியிலிருந்து வந்தவர்களே. தெலுங்கு பேசிய நாயக்கர் அயலாரா? மராத்தியர்? வட இந்தியப் புந்தேலர்? தேசிங்கு என்று தமிழ்நாடே உரிமை கொண்டாடும் தேச்சிங்கு, தம் இருபதுகளின் தொடக்கத்தில், 1714இல் ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லாகானை எதிர்த்து மாண்ட புந்தேல இளைஞர். அவருடைய தோழர் முகமதியர். அவரைப் பாடிய மொழி தமிழ். தேச்சிங்கு எவ்வாறு தேசிங்கானார் என்பதைச் சஞ்சய் சுப்ரமணியம் தனிக் கட்டுரையாகவே ஆராய்ந்துள்ளார்.

அயலார் என்பதைப் பிறப்பால் வரையறுத்தால் செஞ்சி வரலாற்றில் அச்சொல் பொருளிழந்துவிடும். முடிவெடுக்கும் இடம் எங்குள்ளது என்பதைக் கொண்டு வரையறுப்பதே பொருத்தமெனத் தோன்றுகிறது. கிருட்டிணப்ப நாயக்கரின் முடிவுகள் செஞ்சியில் எடுக்கப்பட்டன. அதன் விளைவுகளை அவரே எதிர்கொண்டார். கம்பெனியின் முடிவுகளோ இலண்டனிலும் ஆம்ஸ்டர்டாமிலும் இருந்த இயக்குநர்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டியவை. இராசாராமின் நிலை இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது: அவர் செஞ்சியில் அமர்ந்து ஆண்டது செஞ்சியை அன்று; தொலைவிலிருந்த மராத்திய அரசை. தேவனாம்பட்டினத்தை விற்ற பணம் எந்தப் போருக்குச் சென்றது என்று பார்த்தால் இது விளங்கும்.

இவ்வினா பழங்கதையன்று. 2025 சூலையில் யுனெஸ்கோ, மராத்தியப் படைசார் நிலவெளிகள் என்ற பெயரில் 12 கோட்டைகளை உலக மரபுச் சின்னங்களாக அறிவித்தது. அவற்றுள் 11 மகாராட்டிரத்தில் உள்ளன, பன்னிரண்டாவது செஞ்சி. மராத்தியர் இங்கு இருந்தது 1677 முதல் 1698 வரை, 21 ஆண்டுகள். அவர்கள் கோட்டையை வலுப்படுத்தியது உண்மை. யேசு சபையினரின் மடல்களும் அதை உறுதிசெய்கின்றன. ஆனால் கல்யாண மகாலும் தானியக் களஞ்சியங்களும் வேங்கடரமணர் கோயிலும் நாயக்கர் காலத்தை நினைவூட்டுவன. சாதத்துல்லாகான் பள்ளிவாசல் நவாபு காலத்தது. சிறப்புப் பெற்றதில் மகிழ்ச்சியே. எனினும் பெயர்ப்பலகையில் எந்த மரபின் பெயர் முதலில் வரும் என்பதில் ஆய்வாளர் கவனமாக இருத்தல் வேண்டும்.

சான்றுகளின் சாய்வு

சீனிவாசாச்சாரி பயன்படுத்திய சான்றுகளை எண்ணிப் பார்த்தால், பெரும்பாலானவை அயலார் எழுதியவை. பிமென்டாவின் பயணக் குறிப்பு, மார்த்தேனின் நினைவுகள், செயின்ட் சார்ச் கோட்டை ஆவணங்கள் ஆகியவற்றில் எழுதுகோல் இசைவு கேட்டவரின் கையில் இருந்தது. இசைவு கொடுத்தவரின் அவையில் என்ன பேசப்பட்டது என்பதற்குச் சான்று அருகியே கிடைக்கிறது. தம் மேலிடத்துக்கு எழுதும் கம்பெனிப் பணியாளர், வெற்றி பெற்றால் தம் திறமையையும் தோல்வியுற்றால் உள்ளூராரின் பேராசையையும் காரணமாகக் காட்டுவது இயல்பு. இவ்வாவணங்களை மட்டும் கொண்டு செல்வாக்கை அளந்தால், அது உள்ளதினும் பெரிதாகவே தெரியும். சோவியத்துக்குப் பிந்திய நாடுகளை ஆராய்வோருக்கும் இதே இடர் உண்டு. உதவி வழங்கிய நிறுவனங்களின் அறிக்கைகள் எளிதில் கிடைக்கின்றன, அவற்றைப் பெற்ற அமைச்சகங்களின் உள்கோப்புகள் கிடைப்பதில்லை.

இச்சாய்வைப் பேராசிரியர் உணர்ந்திருந்தார் என்பதற்கு அவர் ஆனந்தரங்கப் பிள்ளையிடம் காட்டிய ஈடுபாடே சான்று. 1736 முதல் 1761 வரை தமிழில் எழுதப்பட்ட அந்நாட்குறிப்பு, பிரெஞ்சு ஆட்சியின் உள்ளறையில் அமர்ந்திருந்த ஒரு தமிழரின் பார்வையைத் தருகிறது. பிள்ளையவர்கள் துய்ப்ளேக்குத் துபாசி, வணிகர், அதே வேளையில் உள்நாட்டு அரசர்களின் தூதரும் அவரை நாடி வந்தனர். டோல்ஸ்ட்ரூப் கூறும் வாயில் காப்போருக்கு இவரைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டைத் தமிழகத்தில் காண்பது அரிது. ஆனால் அவர் காத்த வாயில் உள்நாட்டு அரசினுடையதன்று; கம்பெனியினுடையது. அயலாரிடம் இசைவு வேண்டி உள்ளூரார் வரிசையில் நிற்கும் நிலை அதற்குள் வந்துவிட்டது. யேல் செஞ்சி அடிவாரத்தில் நின்றதற்கும் இதற்கும் இடைப்பட்ட காலம் எழுபது ஆண்டுகள்கூட இல்லை.

மற்றொரு தமிழ்ச் சான்று செஞ்சியிலேயே தோன்றியது. அவ்வூரைச் சேர்ந்த நாராயணன் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய கர்நாடக ராஜாக்கள் சவிஸ்தார சரித்திரம், கோன்கள் முதல் ஆங்கிலேயர் வரை தொடர்ச்சியாகச் சொல்கிறது. ஆண்டுக் குறிப்புகளில் அது பல இடங்களில் தடுமாறுகிறது. இதனைச் சுட்டி அதை ஒதுக்கிவிடுவோரும் உளர். ஆனால் உள்ளூர் நினைவு எவற்றைப் பெரிய நிகழ்ச்சிகளாகக் கருதியது என்பதை அறிய அதைவிட்டால் வேறு வழியில்லை. அந்நூலும் மெக்லவுட் என்னும் ஆங்கிலேய அதிகாரியின் வேண்டுகோளின்படி எழுதப்பட்டதே என்பதையும் மறத்தலாகாது. செஞ்சி தன் கதையைத் தானே சொல்லத் தொடங்கியதும் ஓர் அயலார் கேட்டதனால்தான்.

1750க்குப் பின்

1750 செப்டம்பரில் புஸ்ஸி தலைமையிலான பிரெஞ்சுப் படை ஓர் இரவுத் தாக்குதலில் செஞ்சியைக் கைப்பற்றியது. முகலாயரை எட்டு ஆண்டுகள் நிறுத்திவைத்த கோட்டை ஓரிரவில் வீழ்ந்ததை மேலைப் படைத்திறனின் வெற்றியாக எழுதுவது வழக்கம். இது பாதி உண்மை. சுல்பிகர்கான் முற்றுகையை வேண்டுமென்றே நீட்டித்தார் என்ற ஐயம் அவர் காலத்திலேயே இருந்தது. அவருடைய படையோடு இருந்த பீம்சேனின் பாரசீகக் குறிப்பிலும் அது பதிவாகியுள்ளது. ஆகவே அந்த எட்டு ஆண்டுகளை மதிலின் வலிமைக்கு மட்டும் ஈடாகக் கொள்ள முடியாது. மேலும் 1750இல் கோட்டைக்குள் இருந்த படைக்கும் அதைக் காக்கும் உறுதி கொண்ட ஓர் அரசுக்கும் தொடர்பு அற்றுப்போயிருந்தது. யாருக்காகக் காக்கிறோம் என்பதறியாத காவல் அது. 1752இல் ஆங்கிலேயர் செஞ்சியை மீட்க முயன்று தோற்றனர். 1761 சனவரியில் புதுச்சேரி வீழ, அதே ஆண்டு ஏப்ரலில் ஸ்டீபன் ஸ்மித்திடம் செஞ்சியும் சரணடைந்தது.

பிரெஞ்சுக்காரர் செஞ்சியிலிருந்து கொண்டுசென்ற கருங்கல் தூண்கள் புதுச்சேரியில் துய்ப்ளேயின் சிலையைச் சுற்றி நிறுத்தப்பட்டன. இன்று அவை கடற்கரையில் காந்தியடிகளின் சிலையைச் சூழ்ந்து நிற்கின்றன. கோட்டைப் பகுதியில் எந்தக் கட்டடம் எக்காலத்தது என்பதை ழான் தெலோஷ் 2005இல் வெளிவந்த தம் நூலில் கல்வேலையின் இயல்பைக் கொண்டு வகைப்படுத்தியிருக்கிறார். ஆவணம் சார்ந்த சீனிவாசாச்சாரியின் பணிக்கு இது இன்றியமையாத துணை. டென் ஹாகிலுள்ள டச்சுக் கம்பெனிக் கோப்புகளில் 1608 பேச்சுவார்த்தை பற்றிய பகுதிகளும், இராசாராமின் செஞ்சி வாழ்க்கை தொடர்பான மராத்திய மோடி ஆவணங்களும் தமிழில் பெயர்க்கப்படுமாயின், இசைவு கேட்டவரோடு கொடுத்தவரின் குரலையும் ஓரளவு கேட்க முடியும். நாராயணனின் நூலை மார்த்தேனின் நினைவுக் குறிப்புகளோடு பத்தி பத்தியாக ஒப்பிடும் பணி அதற்கு முன்பே தொடங்கத்தக்கது. அதற்கு வேண்டிய இரண்டு நூல்களும் அச்சில் உள்ளன.